ஏலக்காரருக்கு இரண்டாவது வரி

ஏலக்காரரின் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை. பழைய சாமான்களை ஏலம் விடும் அந்த நீண்ட கூடத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்பவனுக்குக்கூட, காதோரம் வந்து பேசுவதுபோல் அவர் குரல் கேட்கும். வீடு காலி செய்தவர்களின் கட்டில், கடையை மூடியவர்களின் அலமாரி, காலமானவர்களின் கைக்கடிகாரம் எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் வேறு கைகளுக்குப் போயின. சாமான் தூக்கும் ஆளாக அங்கே நுழைந்தவர், நாக்கின் தயவால் மேடை ஏறினார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. ஊருக்கும் உறவுக்கும் அவர் ஏலக்காரர்.

அவருடைய தொழிலில் ஒரு நியமம் இருந்தது. நல்ல சாமானை முதலில் எடுக்கக் கூடாது. உதவாத ஒன்றை, உடைந்த விளக்கையோ ஒற்றைக்கால் நாற்காலியையோ முதலில் தூக்கிக் காட்ட வேண்டும். அதைக் கூட்டத்தில் இருக்கும் யாராவது ஒருவர் தலையில் கட்டிவிட்டுச் சிரிப்பு மூட்ட வேண்டும். அதற்குச் சிரிப்புச் சாமான் என்றே கூடத்தில் பெயர்.

"கூட்டம் குளிர்ந்து கெடக்கும்போது தங்கத்தக் காட்டினாலும் ஒரு கை மேல போகாது. மொதல்ல சூடேத்தணும். அப்புறம்தான் சரக்கு" என்று அவர் கூட வேலை செய்பவர்களிடம் சொல்வார்.

ஒருமுறை ஒடிந்த சீப்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்த வழுக்கைத் தலையரைப் பார்த்தார். "ஐயா, இது உங்களுக்குன்னே வந்தது. பல்லு இல்லாத சீப்பு, முடி இல்லாத தல. இதவிடப் பொருத்தம் எங்க கெடைக்கும்?" கூடம் அதிர்ந்தது. வழுக்கைத் தலையரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அடுத்த சாமானும் தன்மேலேயே விழும் என்பது அவருக்குத் தெரியும்.

வேலை முடிந்தால் சுத்தியலை மேசையறையில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார். நாக்கை வைத்துவிட்டு வர இடம் இல்லை. மகன் பிறந்தபோது அவன் காதைப் பார்த்து, "ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சு அனுப்பியிருக்காங்க" என்றார். மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்குப் பேச்சு திக்கும். அவருக்கு 'இழுவை' என்று பெயர் வைத்து, "நம்ம இழுவை ஏலம் விட்டா, மூணாந் தரம் சொல்றதுக்குள்ள சாமான் துருப்பிடிச்சுப் போயிடும்" என்று கல்யாணக் கூட்டத்திலேயே சொன்னார். மனைவி சிரித்தாள். அவளுக்கு அது பழக்கம். அவள் காலமாகும்வரை அந்த வீட்டில் அவருடைய பேச்சுக்கு முதலில் சிரிப்பவள் அவளாகவே இருந்தாள்.

மருமகள் வந்த அன்று வீடு நிறைய உறவினர். ஒரு நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள்; அதிகம் பேசாதவள். ஏலக்காரர் அவள் கையைப் பிடித்துக் கூடத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாங்க, வாங்க! புது சாமான் வந்திருக்கு. கொஞ்சம் கட்ட, மூக்கு லேசா நெளிஞ்சிருக்கு, மத்தபடி நல்லா ஓடும். ஒரு தரம்! ரெண்டு தரம்! என்னப்பா, ஒரு கையும் மேல போகலையே? சரி, யாருக்கும் வேணாம்னா என்ன பண்றது, நம்ம வீட்டுலயே ஒரு மூலைல கெடக்கட்டும். மூணு தரம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற மகனும் சிரித்தான். மருமகளின் முகத்தில் வந்த புன்னகை, ஆணியில் மாட்டிய சட்டைபோல் அப்படியே தொங்கியது. அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த ஏலம் ஒருமுறை நடந்தது. அவள் ஒருமுறையும் பதில் சொன்னதில்லை. அவர் உதடு எப்போது எப்படிப் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பணி ஓய்வு பெற்றபோது கூடத்தார் அவருக்கு ஒரு கணினியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மேசையில் வைத்துத் துணி போட்டு மூடினார். கூட்டத்தின் வாசனை இல்லாமல் இருக்க முடியாமல், கூப்பிட்ட நாட்களில் போய் ஏலம் விட்டுவந்தார். அப்படிப் போன ஒரு நாளில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று ஏலத்துக்கு வந்தது. "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். சுத்தியலைத் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. இதுவும் ஒரு வேடிக்கை என்று எண்ணிக் கூடம் சிரித்தது. அவர் கண்ணாடிமேல் சாய்ந்து சரிந்த பிறகும் பின்வரிசையில் சிலர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது அவருடைய உடம்பில் இடதுகைச் சுட்டுவிரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. காது கேட்டது. கண் தெரிந்தது. புத்தி துளியும் மழுங்கவில்லை. பேச்சு மட்டும் இல்லை. தொண்டையிலிருந்து வந்த ஒலிக்கும் வாசல் கதவின் கீல் ஒலிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. குளிப்பாட்டுவது மகன் பொறுப்பு. ஊட்டுவதும் முகம் துடைப்பதும் மருமகள் பொறுப்பு. அவள் வேலையை விட்டாள். யார் விடச் சொன்னார்கள் என்பதை வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை.

பல மாதங்கள் கழித்து மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர், ஒரு பெண், வீட்டுக்கு வந்தார். கணினிமேல் இருந்த துணியை எடுத்து, ஒரு மென்பொருளை அதில் ஏற்றினார். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கிவரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும், விரலடியில் வைத்த பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக வெளிச்சம் நகரும். மறுபடியும் அழுத்த வேண்டும். இப்படிக் கோத்த வாக்கியத்தை இயந்திரம் உரக்கப் படிக்கும். ஒரு சொல் கோப்பதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துவிடும். ஆனாலும் அது பேச்சு.

அவர் பயின்றார். மேடை ஏறத் துடித்த பழைய நாட்களைப்போல் வெறியோடு பயின்றார். முதல் வாக்கியத்தைக் கேட்க மகன், மருமகள், பயிற்சியாளர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"அப்பா, நல்லதா ஏதாவது சொல்லுங்க" என்றான் மகன்.

வெளிச்சம் ஏறியது, இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் கால் மாற்றி நின்றார். கடைசியில் இயந்திரம் வாய் திறந்தது. நிலையத்தில் ரயில் தாமதத்தை அறிவிக்கும் குரல் அது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"ஊட்டுகிற கை கோணல். வாயில் பாதி, மூக்கில் பாதி. யாருக்காவது வேண்டுமா. ஒரு தரம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் தன் பையை மூடுவதில் மும்முரமானார். பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். மருமகள் கையிலிருந்த கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள். ஏலக்காரர் ஒவ்வொரு முகமாகக் கண்ணால் தேடினார். இதே சொற்களை அவருடைய சொந்தக் குரல் சொல்லியிருந்தால் வீடு இடிந்திருக்கும். கண்ணைச் சிமிட்டுவது, கடைசிச் சொல்லில் குரலைத் தூக்கிப் போடுவது, நெஞ்சில் கை வைத்துப் பொய்யாகப் பெருமூச்சு விடுவது, இவையெல்லாம் சேர்ந்துதான் அது வேடிக்கையாக இருந்தது. இயந்திரம் வேடிக்கையைத் தோல்போல் உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் படித்தது. அது அவருக்குப் புரியவில்லை. கூட்டம் சரியில்லை என்று நினைத்தார்.

அந்தச் சமயத்தில் மகனின் அலுவலகம் இடத்தைக் காலி செய்து, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. அவன் கட்டட வரைபடங்கள் வரைபவன். அதற்கான மென்பொருளுக்குப் புதிய இயங்குதளம் வேண்டும். அப்பாவின் பேச்சு மென்பொருளோ பழைய இயங்குதளத்தை விட்டு நகராது. அதை உருவாக்கியவர்களே அதை எப்போதோ மறந்திருந்தார்கள்.

"இன்னொரு மிஷின் வாங்கிடலாமா?" என்றான் மகன். பேச்சு கட்டிலருகேதான் நடந்தது.

"எதுக்குங்க? எடத்த அடைச்சுக்கிட்டு" என்றாள் மருமகள். "மாமாவோட கம்ப்யூட்டர் நல்ல புதுசாத்தான இருக்கு. அதுலயே ரெண்டு சிஸ்டம் போட்டுடலாம். உங்களுக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு."

"ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுமா?"

"ஒரு நேரத்துல ஒண்ணுதாங்க ஓடும்."

மகன் கட்டிலைப் பார்த்தான். பிறகு சன்னலைப் பார்த்தான். அதற்குமேல் கேட்கவில்லை.

ஏலக்காரர் பொத்தானை அழுத்தத் தொடங்கினார். "வேண்" என்பதுவரை வந்திருந்தார். அதற்குள் அவர்கள் வேறு அறைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் அந்த வேலையைச் செய்தாள். ஒழுங்காகச் செய்தாள், அவள் எதையும் ஒழுங்காகத்தான் செய்வாள். இருந்ததையெல்லாம் முதலில் தனி வட்டொன்றில் படியெடுத்து வைத்தாள். வன்வட்டில் பழைய இயங்குதளம் பரந்து கிடந்த இடத்தைச் சுருக்கி ஓர் ஓரமாக ஒதுக்கினாள். ஏலக்காரரின் தலையணையை உயர்த்தி, திரை அவருக்கு நன்றாகத் தெரியும்படி திருப்பியும் வைத்தாள்.

"பாருங்க மாமா, இந்தச் சின்னக் கட்டம் நீங்க. இந்தப் பெரிய கட்டம் உங்க பையன். நடுவுல சுவர். ஒருத்தர் எடத்துக்கு ஒருத்தர் வர முடியாது."

புதிய இயங்குதளத்தை நிறுவும்போது திரை ஒரு கேள்வி கேட்டது. வட்டில் இருப்பதை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா, இருப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிறுவவா? அவள் நகர்த்திய சுட்டியின் அம்பு 'அழி' என்பதன்மேல் போய் நின்றது. நின்றபடி இருந்தது. அவள் திரும்பி மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். அவருடைய நெற்றியில் வேர்வை பூத்தது. விரல் பொத்தானை அழுத்தி அழுத்தி எடுத்தது. பொத்தானைக் கேட்க வேண்டிய மென்பொருள் அப்போது உறங்கிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா?" அவள் துண்டை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள். "அழிக்க மாட்டேன் மாமா. அழிச்சா ஒரு நாள் வருத்தத்தோட போயிடுமே."

அம்பு நகர்ந்து 'பக்கத்தில்' என்பதைத் தொட்டது.

வேலை முடிந்ததும் கணினி புதுப் பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தது. இயக்கியவுடன் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். எது வேண்டும் என்று கேட்கும். கீழே ஓர் எண் விநாடிக்கு விநாடி குறையும். அதற்குள் யாரும் விசையைத் தொடாவிட்டால் முதல் வரியில் இருப்பது தானாக எழுந்துகொள்ளும்.

"எது மொதல்ல இருக்கணும்?" என்று கேட்டாள் கணவனிடம்.

"நான்தான வேல பாக்கறேன். என்னுது இருக்கட்டும். அப்பாவுக்கு யாராவது மாத்தி விட்டாப் போச்சு."

ஏலக்காரருக்கு இரண்டாவது வரி கிடைத்தது. அம்புக்குறி விசையை ஒருமுறை கீழே தட்டினால் போதும், அவருக்கு வாய் வந்துவிடும். அந்த ஒரு தட்டலுக்கு அவருடைய விரல் எட்டாது. கையெட்டும் இடத்தில் இருந்த பொத்தானோ, அந்த இரண்டாவது வரி எழுந்த பிறகுதான் உயிர்பெறும்.

மகன் பகலெல்லாம் வரைந்தான். சாயங்காலம் அவன் காலாற நடக்கப் போனதும், மருமகள் கணினியை அணைத்துத் திரும்ப இயக்குவாள். இரண்டு வரிகள் வரும். அவளுடைய விரல் அம்புக்குறி விசையின்மேல், தொடாமல், தொங்கும். எண் குறையும். சில நாள் தட்டினாள். சில நாள் தட்டவில்லை. எந்த நாள் எது என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. ஏலக்காரர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. தட்டிய நாட்களிலும், வாக்கியம் பாதியில் இருக்கும்போது மகன் திரும்பிவிட்டால், "அவருக்கு அவசர வேல மாமா" என்று மறுபடி அணைத்துவிடுவாள். பாதி வாக்கியம் எங்கும் சேமிக்கப்படுவதில்லை.

ஒரு நாள் எண் குறைய ஆரம்பித்ததும் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஒரு தரம், மாமா."

அவருடைய கண்கள் அவள் பக்கம் திரும்பின.

"ரெண்டு தரம். என்ன மாமா, ஒரு கையும் மேல போகலையே?"

அவருடைய சுட்டுவிரல் பொத்தானை அழுத்தியது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். இழுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இழுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டினாள். அப்பழுக்கில்லாத ஏலம்.

"மூணு தரம்."

புதிய இயங்குதளம் எழுந்தது. அவள் எழுந்துபோய்த் துணி மடித்தாள்.

ஏலக்காரருக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது; தன் தொழிலை நன்றாகச் செய்யும் இன்னொருவரைக் கண்ட வியப்பு. அது அவரை மேலும் கோபப்படுத்தியது. அடுத்து வாய் கிடைத்த நாளில் "என் தப்பு" என்ற சொற்களைக் கோத்தார். 'பேசு' என்ற கட்டத்துக்கு வெளிச்சம் வந்தது, போனது, திரும்ப வந்தது. அவர் அழுத்தவில்லை. எழுத்து எழுத்தாக அழித்தார். அவர் மேடையில் ஒருமுறை சொன்ன விலையைத் திரும்ப எடுத்துக்கொண்டவர் இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் காப்பகத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம். மகன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சுவரெல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொன்னான். மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஊரில் இருந்த தங்கையைக் கைபேசியில் அழைத்து, ஒலியைத் திறந்துவிட்டுப் பேசினான்.

"அண்ணா, அப்பாவ அங்கெல்லாம் போடாதீங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மகள். "எடம் இருக்கு. அவர்தான்…" சற்று நிறுத்தினாள். "அவர் ஒண்ணே ஒண்ணுதான் சொல்றார். அப்பா கேக்கணுமாம். இத்தன வருஷம் ஊர் சிரிக்க என்னப் பேசின வாயால, கூட்டிட்டுப் போன்னு ஒருதரம் கேக்கட்டும், நானே வந்து தூக்கிட்டுப் போறேங்கறார். அது தப்பா அண்ணா?"

"தப்பு என்ன இருக்கு? மாப்ள கேக்கறது நியாயந்தான்."

"அப்பா பேசறாராமே இப்ப. வர்ற ஞாயித்துக்கெழம நாங்க வர்றோம். அவரே சொல்லட்டும்."

ஏலக்காரர் கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் மகனின் வரைபடம் விரிந்திருந்தது. யாருக்கோ கட்டப்போகும் வீட்டில் கதவுகள் மட்டும் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. ஒரே வாக்கியம். என்னைக் கூட்டிக்கொண்டு போ. அதை அவர் மனத்துக்குள் கோத்தார். எந்த வரிசை, எந்த எழுத்து, எத்தனை அழுத்தல் என்பதெல்லாம் பாடமாகும்வரை கோத்தார். காப்பகத்துக்குப் போனால் கணினி கூட வராது என்பதை மகன் சொல்லாமலே அவர் அறிவார். அந்த வாக்கியத்தைச் சொல்லாவிட்டால், அதன்பின் சொல்வதற்கு எதுவுமே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, எதையோ முணுமுணுப்பவர்போல் உதட்டை அசைத்தபடி கதவோரம் நின்றார். மகள் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து, "இப்படி எளைச்சுட்டீங்களேப்பா" என்றாள். நாற்காலிகள் போதவில்லை என்று மகன் ஒன்றைக் கொண்டுவந்தான். மாப்பிள்ளை உட்காரவில்லை.

"அண்ணி, அப்பா பேசறது எதுல?"

"இதுலதான். இருங்க, மாத்தி விடறேன்."

மருமகள் கணினியை அணைத்து இயக்கினாள். கறுப்புத் திரை, இரண்டு வரிகள். எண் குறையத் தொடங்கியது. ஏலக்காரர் அவளுடைய விரலைப் பார்த்தார். வாழ்நாளில் எந்தக் கையும் மேலே போவதற்கு அவர் அப்படி ஏங்கியதில்லை.

விரல் தட்டியது. இரண்டாவது வரி எழுந்தது.

அவள் பொத்தானை அவருடைய விரலடியில் சரியாகப் பொருத்தினாள். தலையணையைத் தூக்கிவைத்தாள். அவர் காதருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்:

"பேசுங்க மாமா. கூட்டம் வந்திருக்கு."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மகள் நாற்காலி நுனியில் இருந்தாள். மகன் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை இன்னும் கதவோரம்தான், முகம் இறுகியிருந்தது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. குளிர்ந்து கிடக்கும் கூட்டம். பின்வரிசையிலிருந்தே அதை மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர் அவர். இந்தக் கூட்டத்தின் முன் நல்ல சரக்கை எடுத்தவுடன் தூக்கிக் காட்டினால் என்னவாகும்? மொதல்ல சூடேத்தணும். அப்புறம்தான் சரக்கு. அவருடைய புத்தி அதைச் சொல்லவில்லை. விரல்தான் போயிற்று, மேடையில் சுத்தியலைத் தேடிப் போவதுபோல்.

வெளிச்சம் இறங்கியது. அழுத்தினார். மறுபடி இறங்கியது.

அவர் எழுத்து எழுத்தாகக் கோத்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை கதவை விட்டுக் கட்டிலருகே வந்தார். தொண்டையைச் செருமினார்.

"மா… மாமா. நீங்க ஒ… ஒண்ணும் கேக்க… கே…"

மகள் சட்டென்று நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். மாப்பிள்ளை கண்ணை மூடி, மூச்சை இழுத்து, திரும்பத் தொடங்கினார்.

"கேக்க வேணாம். எ… எங்க வீ… வீ… வீ…"

"இப்போது நானும் மாப்பிள்ளையும் ஒரே வேகம்" என்றது இயந்திரம். "யார் முதலில் முடிக்கிறோம் பார்ப்போம்."

மகன் கட்டியிருந்த கைகளை இறக்கினான்.

ஏலக்காரர் காத்திருந்தார். தன்னையும் சேர்த்துத்தானே கிண்டல் செய்திருக்கிறோம், கூடமாக இருந்தால் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பார்கள், மாப்பிள்ளையும் சிரித்திருப்பார். அப்படித்தான் அவர் நினைத்தார். மாப்பிள்ளையின் வாய் 'வீ' என்ற எழுத்தில் திறந்தபடி நின்றது. பிறகு மூடியது.

"போகலாம்" என்றார் மாப்பிள்ளை மனைவியிடம். அந்தச் சொல்லில் ஒரு தடங்கலும் இல்லை.

"மாப்ள, அப்பா சும்மா வெளையாட்டுக்கு…" என்று மகன் எழுந்தான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் எழுந்து கட்டிலருகே வந்தாள். குனியவில்லை.

"அவர் என்ன சொல்ல வந்தார்னு தெரியுமாப்பா உங்களுக்கு? 'நீங்க கேக்க வேணாம், எங்க வீட்டுக்கு வாங்க மாமா.' அவ்வளவுதான். வண்டியில வர்ற வழியெல்லாம் அதையேதான் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தார். திக்காம சொல்லணுமாம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா சிரிச்சுச் சிரிச்சே செத்துப் போனா. என்னால முடியாதுப்பா. அண்ணா, நீங்க பாத்த எடத்துக்கே அனுப்பிடுங்க."

ஏலக்காரர் அழுத்தத் தொடங்கினார். எந்த வரிசை, எந்த எழுத்து, எல்லாம் பாடம். வெளிச்சம் மட்டும் தன் வேகத்தில்தான் இறங்கியது. அவசரத்தில் ஒரு வரிசையைத் தவறவிட்டார். அது சுற்றி வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. வாசலில் செருப்பு மாட்டும் ஓசை கேட்டது. மகன் பின்னாலேயே ஓடுவது கேட்டது. வண்டிக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. வண்டி கிளம்பித் தெரு முனையில் திரும்பிய பிறகு இயந்திரம் "என்னைக்" என்றது. அவசரத்தில் அவர் பாதியிலேயே 'பேசு' என்ற கட்டத்தை அழுத்தியிருந்தார்.

அவர் நிறுத்தவில்லை. மீதியையும் கோத்தார்.

"கூட்டிக்கொண்டு போ."

அடுக்களையிலிருந்து மருமகள் வந்தாள். கையில் அவருடைய துண்டு.

"என்னையா சொல்றீங்க மாமா? நான் எங்க கூட்டிட்டுப் போறது?" அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். மென்மையாகத்தான் துடைத்தாள். "இன்னிக்கு அவருக்கு வேல இல்லையாம். நாள் முழுக்க உங்களுதுதான். எவ்வளவு வேணுமோ பேசுங்க."

கணினியை அணைக்காமல், கதவை மட்டும் சாத்திக்கொண்டு போனாள். திரையில் வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுதும் இறங்கியது. ஏலக்காரர் அழுத்தவில்லை.

காப்பகத்திலிருந்து ஆட்கள் வந்தபோது, அவருடைய துணிகளோடு அந்தப் பொத்தானையும் மகன் பையில் வைத்தான். அப்பாவின் பொருள் அப்பாவோடு போகட்டும் என்றான். அதன் கம்பி சுற்றி, நூலால் கட்டப்பட்டிருந்தது. கணினி மேசையிலேயே இருந்தது. அன்றைக்கே மருமகள் அதன்முன் உட்கார்ந்து, சின்னக் கட்டத்தை அழித்து, அந்த இடத்தைப் பெரிய கட்டத்தோடு சேர்த்தாள். இரண்டு வரிகளைக் காட்டும் கறுப்புத் திரைக்கு இனி அவசியமில்லை, அதையும் எடுத்தாள். இப்போதெல்லாம் இயக்கியதும் அது யாரையும் எதுவும் கேட்காமல் நேராக எழுந்துகொள்கிறது. முன்பைவிட வேகமாக இருக்கிறது என்று மகன் சொன்னான்.

காப்பகத்தில் அவரை ஏலக்காரர் என்று யாரும் அழைப்பதில்லை. அங்கே யாருக்கும் அது தெரியாது. எதனோடும் இணைக்காத ஒரு பொத்தானை இடதுகையில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதால், பணியாளர்கள் அவருக்குப் பொத்தான்காரர் என்று பெயர் வைத்தார்கள். நேரம் போகாதபோது அவர்களில் ஒருவர் கட்டிலருகே வந்து, கம்பியின் நுனியை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொள்வார்.

"ஹலோ, யாரு? பொத்தான்காரரா? கேக்கலையே. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க!"

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த மனிதர் இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல் அவசரப்பட்டு முடிப்பதை ஏலக்காரர் ஒவ்வொரு முறையும் கவனித்தார். அவருடைய விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.